பெட்டி இல்லாத புதையல்!

எழும்பூர் ரயில் நிலையத்தில் புதையல் ஒளித்துவைக்கப் போனது நாலு பேர் கும்பல் ஒன்று. திரும்பும்போது பெட்டி கையிலேயே இருந்தது. மண்டையில்தான் ஏதோ மாறியிருந்தது!

''தம்பி... இன்னா ஒட்டுற அங்க?''

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. எழும்பூர் ஸ்டேஷன். தென் மாவட்டத்து ரயில்கள் வரிசையாக வந்து கூட்டத்தைக் கொட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பிளாட்பார பெஞ்ச் ஒன்றின் அடியில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிமிர்ந்தால், சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை, தோளில் துண்டு. வயசான போர்ட்டர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கையில் இருந்தது ஒரு பழைய ஃபிலிம் ரோல் டப்பா. ஸ்டுடியோ வைத்திருக்கும் மாமாவிடம் கெஞ்சி வாங்கியது. மழைத் தண்ணி புகாமல் இருக்க சுத்திச் சுத்தி கறுப்பு இன்சுலேஷன் டேப். அடியில் காந்தம். ''செம நீட்டா இருக்குடா!'' என்று ஹாஸ்டலில் எல்லோரும் பாராட்டிய அயிட்டம். ரயில் நிலைய பெஞ்சுக்கு அடியில் அதைப் பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நாங்கள் நாலு பேரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாலு பேருமே இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

''ஐயா, அது... ஒரு கேம்யா'' என்றேன்.

''கேமா? எடுத்துக்கினு இப்டி வா!''

அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், அந்த கேம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு கறுப்பு வாளியில் ஆரம்பித்த கதை

ஜியோகேச்சிங். பேர்தான் பெருசு. விஷயம் நம்ம ஊர் கண்ணாமூச்சிதான். ஆளுக்குப் பதிலாக டப்பா ஒளிந்துகொள்ளும், அவ்வளவே. ஒருவர் ஓர் இடத்தில் டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். வைத்துத் தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பேரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். உள்ளே பொம்மையோ நாணயமோ இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், அதே மதிப்புக்கு நீங்களும் ஒன்றை வைக்கணும். பண்டமாற்று!

இதற்குப் பிறந்த தேதியே உண்டு. 2000-ம் ஆண்டு மே மாதம் வரை, அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துகொண்டிருந்தது. அதனால் 100 மீட்டர் வரைகூட இடம் தள்ளிக் காட்டும். நீங்கள் டீக்கடையில் நின்றால், அது தெருமுனைக் கோயிலில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். அந்த மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளின்டன் உத்தரவுப்படி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக உலகத்தில் இருந்த ஜி.பி.எஸ். கருவிகள் எல்லாம் பல மடங்கு துல்லியமாகிவிட்டன.

அடுத்து, மே 3-ம் தேதியே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆலோசகர், கறுப்பு வாளி ஒன்றில் புத்தகம், சாஃப்ட்வேர், உண்டிவில் என்று கையில் கிடைத்ததைப் போட்டு, காட்டுப் பக்கமாக வைத்துவிட்டு எண்களை வெளியிட்டார். சில நாட்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. 2008-ல் ரிச்சர்டு கேரியட் என்பவர் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அதற்கு மேல் போய் ஒளித்துவைக்க இடமில்லை!

விளையாடாத அப்பாவிப் பொதுஜனங்களுக்கு இந்த ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பேர் 'மகிள்'. ஹாரி பாட்டர் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். மந்திரம் தெரியாதவர்கள்! மகிள்களின் கண்ணில் படாமல் எடுத்து, படாமல் வைப்பதுதான் கெத்து. காட்டில் என்றால் பிரச்னையே இல்லை. நகரத்தில் ஆயிரம் பேர் நடுவே செய்தால்தான் த்ரில். 'அப்படியென்றால் எழும்பூர் ஸ்டேஷனை மிஞ்சிய இடம் உண்டா?' என்று எங்களுக்குத் தோன்றியது. அங்கேதான் சறுக்கினோம்.

''எம் பொழப்பு அன்னிக்கு அவ்ளோதான்!''

போர்ட்டர் ஐயா எங்களை ஓரமாக அழைத்துப்போய், டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே சுருட்டிய பேப்பரும், ஒரு குட்டிப் பென்சிலும், ஒரு கோலிக்குண்டும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால், அடுத்து பேசியது சிரிப்பு இல்லை.

''நீ பாட்டுக்கு வெச்சுட்டுப் பூடுவ. எவனாவது இத்தப் பார்த்துட்டு 'பாம்'னு சொல்லிட்டான்னு வெய்யி, இன்னா ஆவும்? பிளாட்பாரத்தையே காலி பண்ணிருவாங்க. நாய் வரும், மிஷினு வரும். கைக்கொயந்தக்காரி, வயசானவங்கல்லாம் மூட்டையத் தூக்கிக்கினு ஓடணும். வண்டி நிக்காது. எம் பொழப்பு அன்னிக்கு அவ்ளோதான். சென்ட்ரல்ல வெடிச்சுதே... அன்னிலேர்ந்து கேக்க ஆளில்லாத பை ஒண்ணக் கண்டாலே எங்களுக்கு பக்குனு இருக்குது.''

2014, மே 1. சென்னை சென்ட்ரலில் வந்து நின்ற குவாஹாட்டி ரயிலில் குண்டுகள் வெடித்து, ஓர் இளம் பெண் இறந்துபோனார். பதினான்கு பேருக்குக் காயம். அப்போது நாங்கள் ஸ்கூலில் சின்ன கிளாஸ். எங்களுக்கு அது பழைய செய்தி. அவருக்கு அது தினமும் வேலை செய்யும் இடத்தின் நினைவு.

நாங்கள் நாலு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம். எங்கள் க்ரூப்பில் சிவில் படிப்பவன் மட்டும் மெதுவாக, ''ஸாரிங்கய்யா'' என்றான். டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, ''படிக்கிற புள்ளைங்க... போய் டீ குடிங்கோ'' என்று அடுத்த ரயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

ஹாஸ்டலுக்கு வந்து படித்துப் பார்த்தால், நாங்கள் முதல் கோமாளிகள் இல்லை என்று தெரிந்தது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், தெருவில் ஒளித்துவைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வெடிகுண்டு என்று நினைத்து, கடைகளையெல்லாம் காலி செய்து, ராணுவ நிபுணர்களை வரவழைத்து வெடிக்கவைத்தே விட்டார்கள். கடைசியில் பார்த்தால், ஜியோகேச்!

அதனால்தான் இந்த ஆட்டத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்காமல் வைக்கக் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். ரயில்வே, ராணுவம், பள்ளிக்கூடம் மாதிரியான இடங்களில் ரொம்பவே கவனம் வேண்டும். நாங்கள் இதையெல்லாம் 'அப்புறம் படிச்சுக்கலாம்' என்று ஸ்க்ரோல் பண்ணித் தள்ளியிருந்தோம். செமஸ்டர் சிலபஸ் மாதிரியே!

டப்பா வேண்டாம், கண்ணு போதும்

ஆட்டத்தை விட மனசு வரவில்லை. இ.சி.இ. தோழிதான் வழி சொன்னாள். ''டப்பாதானே பிரச்னை? டப்பாவையே தூக்கிரலாம்!''

ஜியோகேச்சிங்கில் ஆரம்ப காலத்திலிருந்தே 'விர்ச்சுவல்' என்று ஒரு வகை இருக்கிறது. அங்கே பெட்டி கிடையாது. இடத்துக்குப் போய், அங்கே நின்றால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கணும். இப்போது 'அட்வென்ச்சர் லேப்' என்ற ஆப்பும் அதே கணக்குதான். நாங்கள் ஆப் எல்லாம் செய்யவில்லை. ஒரு A4 பேப்பர், அஞ்சு கேள்வி, பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட். அவ்வளவுதான் பட்ஜெட்!

கேள்வி தயாரிக்க ஸ்டேஷனைச் சுற்றியபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மூணு வருஷமாக மாசம் தவறாமல் மயிலாடுதுறைக்கு இங்கிருந்துதான் ரயில் ஏறுகிறேன். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்தது இல்லை. போன், இட்லிப் பொட்டலம், 'கோச் எங்கே நிற்கும்', இந்த மூணும்தான் எனக்கு எழும்பூர்.

எங்கள் கேள்விகளில் சில, உங்களுக்காக...

இந்த இர்வின் யார்? ஸ்டேஷன் வாசலில் இருப்பது காந்தி - இர்வின் ரோடு. சிவப்பும் வெள்ளையுமாக, குவிமாடங்களோடு நிற்கும் கட்டடத்தை வடிவமைத்தவர் பேர் ஹென்றி இர்வின். 'ஓஹோ, அவர் பேரைத்தான் ரோட்டுக்கு வெச்சிருக்காங்க' என்று நினைத்தால், நீங்களும் எங்கள் கட்சி. ரோட்டில் இருப்பவர், 1931-ல் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய் இர்வின். கட்டடத்துக்காரர் வேறு. மைசூர் அரண்மனையும் அவர் கைவண்ணம்தான். பெங்களூருவைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை என்ற கான்ட்ராக்டர் கட்டி முடிக்க, ஸ்டேஷன் திறக்கப்பட்டது 1908 ஜூனில்.

பிளாட்பாரத்துக்கு நடுவே ரோடு எதற்கு? எழும்பூரின் பழைய அமைப்பில் 4, 5-வது பிளாட்பாரங்களுக்கு இடையே ஒரு சாலை. வண்டியிலேயே வந்து ரயில் பெட்டிக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். அந்தக் கால வி.ஐ.பி-க்களுக்கு சொகுசுதான். 'ரோட்டிலேயே பத்து வருஷம் படிச்சாலும் இப்படி டிசைன் வராது' என்று சிவில்காரன் உருகிவிட்டான்.

676 - இது என்ன எண்? பிராட்கேஜில் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். மீட்டர்கேஜில் 1,000. வித்தியாசம்தான் 676. எழும்பூர் பிறந்ததும் வளர்ந்ததும் மீட்டர்கேஜில். 1931-லேயே இங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடியது. அந்த வழியில் கடைசி மீட்டர்கேஜ் ரயில் 2004-ல் விடைபெற்றது. (தயவுசெய்து யாரும் அளந்து பார்க்கிறேன் என்று தண்டவாளத்தில் இறங்காதீர்கள். கூகுளே போதும்!)

ஒரே டிக்கெட், நடுவே கடல்... எந்த ரயில்? போட் மெயில். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்ததோடு அது முடிந்தது. ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை இன்னமும் 'போட் மெயில்' என்று சொல்லும் பெருசுகள் உண்டு. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று இனி நீங்கள் அவர்களிடமே கேட்கலாம்.

மைனஸ் எண்பது மர்மம்

எங்களை மண்டை காயவைத்த கேள்வி ஒன்று உண்டு. பிளாட்பாரத்தின் கோடியில் மஞ்சள் போர்டில் ஊர்ப் பேருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று ஓர் எண் எழுதியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? எழும்பூரில் அது சில மீட்டர்தான். 'அட்சரேகை, தீர்க்கரேகையோடு உயரமும் சேர்ந்தால் த்ரீ-டி முகவரி!' என்று குஷியாகி, போனில் ஜி.பி.எஸ். ஆப்பைத் திறந்தோம்.

காட்டிய உயரம், மைனஸ் எண்பதை ஒட்டி!

அதாவது, நாங்கள் கடலுக்குள் எண்பது மீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டிருக்கிறோம். 'போன் அவுட்டு' என்று ஐ.டி. நண்பன் தன் போனை எடுத்தான். அதிலும் கிட்டத்தட்ட அதே மைனஸ்.

ப்ரொஃபசரிடம் கேட்டபோதுதான் புதிர் அவிழ்ந்தது. பூமியை வழவழவென்று லேசாக அமுக்கிய பந்து மாதிரி கற்பனை செய்துகொண்டுதான் ஜி.பி.எஸ். உயரத்தைக் கணக்கிடுகிறது. நிஜத்தில் ஈர்ப்பு விசை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவு. அதனால் அங்கே கடல் மட்டமே அந்தக் கற்பனைப் பந்தைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான்! அதன் சரிவில்தான் சென்னையும் இருக்கிறது. சில ஆப்கள் இதைத் திருத்திக் காட்டும். திருத்தாத ஆப்பில் பார்த்தால் மொத்தச் சென்னையும் 'கடலுக்கு அடியில்'தான். போர்டும் பொய் சொல்லவில்லை, போனும் பொய் சொல்லவில்லை. 'எதிலிருந்து அளக்கிறாய்?' என்பதுதான் கேள்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டேஷன் கூரைக்குள் போனதும் மேப்பில் எங்கள் நீலப் புள்ளி பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சேட்டிலைட்களில் குறைந்தது நாலிடமிருந்து சிக்னல் வரணும். வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துதான் தூரத்தைக் கணக்கிடும். ஒரு மைக்ரோ செகண்ட் தப்பினால், 300 மீட்டர் தப்பு. இரும்புக் கூரையில் மோதித் திரும்பும் சிக்னல் கொஞ்சம் லேட்டாக வரும். புள்ளி குதிக்கும்.

ஆக, இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் நேரம் சரியாக இருக்கணும். இது நம்ம ஊர் ரயில்களுக்கு ரொம்பப் பழைய பாடம். ஊருக்கு ஊர் தனி நேரம் இருந்த 19-ம் நூற்றாண்டில், இந்திய ரயில்களின் அட்டவணைக்குப் பொதுவாக எடுத்துக்கொண்டது மெட்ராஸ் நேரத்தைத்தான்! அதைக் கணித்துச் சொன்னது, 1792-ல் அமைந்த நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகம். 1906-ல் இந்திய நேரம் வந்தபோது, மெட்ராஸ் தன் கடிகாரத்தை ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டது. ரயிலை ஒன்பது நிமிஷத்தில் தவறவிட்ட அனுபவம் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடைசிக் கேள்வி

ஒரு சனிக்கிழமை, ஹாஸ்டல் ஜூனியர்கள் எட்டு பேரை இரண்டு டீமாகப் பிரித்து ஆட்டத்தை நடத்தினோம். பைகள் ரூமிலேயே. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, பிளாட்பார விளிம்புக்குப் போகக் கூடாது என்பது ரூல். ஐந்தாவது கேள்வியை மட்டும் கடைசி நிமிஷம் வரை மறைத்துவைத்திருந்தோம். அது இதுதான்:

'இங்கே வேலை செய்யும் ஒருவரிடம், இந்த ஸ்டேஷனில் அவருக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டு எழுதி வரவும்.'

முதல் நாலு கேள்விக்கும் பதில்கள் இரண்டு டீமிலும் ஒரே மாதிரி இருந்தன. இதற்கு மட்டும் வெவ்வேறு. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, 'மதியம் ரயில் இல்லாத நேரத்துல ஃபேனுக்குக் கீழ' என்றிருந்தார். டீ விற்கும் அண்ணன், 'பிளாட்பாரத்தோட கடைசி. அங்கதான் காத்து வரும்' என்றிருந்தார். 'இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதே இல்லையே' என்று அவர் இலவசமாகவே டீ கொடுத்தாராம்!

நான் நம்ம போர்ட்டர் ஐயாவைத் தேடிப்போனேன். கேள்வித்தாளைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ''டப்பா எங்க?'' என்றார்.

''ஹாஸ்டல்ல இருக்குய்யா. உப்பு போட்டு வெச்சிருக்கோம். மாங்கா திங்க.''

சிரித்தார். ''சரி, எனக்குப் புடிச்ச எடம் கேக்குறியே... அந்தா, மேல பாரு'' என்று கை நீட்டினார். கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களும் வளைவுகளும். ''வந்த புதுசுல மொத மூட்டை தூக்கச்சொல்லோ, கனம் தாங்காம கண்ணு மேல போச்சு. அப்பதான் அத்தப் பார்த்தேன். மீட்டர்கேஜு வண்டி ஓடின காலம். வண்டியெல்லாம் மாறிடுச்சி. அது அப்டியே நிக்குது.''

2022-ல் எழும்பூரை மறுசீரமைக்க அடிக்கல் நாட்டினார்கள். பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பாற்றிக்கொண்டு சுற்றிலும் புதிதாகக் கட்டும் திட்டம். வழிகள் மாறும், பிளாட்பாரங்கள் மாறும். எங்கள் கேள்வித்தாளையும் திருத்த வேண்டி வரும். அதற்குள் இன்னும் சில பதில்களைச் சேர்த்துவிட வேண்டும் என்று இப்போது அவசரமாக இருக்கிறது.

உங்கள் ஊர் ஸ்டேஷனிலும் இதை நீங்கள் ஆடலாம். அஞ்சு கேள்வி தயார் பண்ணுங்கள். பிளாட்பார டிக்கெட் எடுங்கள். எந்தப் பொருளையும் எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்பாரற்ற பையைப் பார்த்தால் தொடாமல் ரயில்வே போலீஸிடமோ, 139 எண்ணிலோ சொல்லுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதற்கு விடை எந்த சேட்டிலைட்டுக்கும் தெரியாது பாஸ்!